மூணாவது டீ டோக்கன்

நீங்க ரெஃப்ரீயா சார்? தப்பா நெனைக்காதீங்க, கேட்டு வச்சுக்கிறது நல்லதுல்ல. வெள்ள பேண்ட்டு, கறுப்பு ஷூ, பாக்கெட்டுலேருந்து ஒரு கயிறு வேற தொங்குது, விசில் கயிறு மாதிரி. ஓ, வீட்டுச் சாவியா. தேனியில கொழுந்தியா மகளுக்குக் காதுகுத்தா. சரி சரி. சாவிய எல்லாம் எடுத்துக் காட்டணும்னு இல்ல, நம்புறேன்.

எனக்குத் தொழில் அப்படி. போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டர். கண்டக்டரா ஏறி இன்ஸ்பெக்டரா நிக்கிறேன், இருபத்திரெண்டு வருசம். இன்னைக்கு லீவு. லீவுன்னாலும் கண்ணு லீவு எடுக்காதே. அந்தா, முன்னாடி மூணாவது சீட்டுல நீலச் சட்ட போட்டவரப் பாருங்க. திண்டுக்கல்லுல ஏறுனதுலேருந்து ஜன்னலப் பாத்துட்டே வர்றாரு. டிக்கெட் எடுத்தவன் ஜன்னலப் பாக்கமாட்டான், கண்டக்டரப் பாத்து ஒரு தடவ சிரிப்பான். முகத்தப் பாத்தே சொல்லிருவேன் சார். எங்கிட்ட யாரும் தப்புனதில்ல.

நான் பெரியகுளத்துல எறங்கிருவேன். பொண்ணுக்கு அங்க ஃபைனல். பாஸ்கெட்பால். மண்டல அளவுல பதினாலு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு நடத்துறாங்க. பேரு மதுநிஷா. எட்டாம் நம்பர். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறவங்க இன்னைக்கு வந்து ஒக்காந்து பாக்குறாங்க. எடுத்தா பிள்ளைக்குப் படிப்பு, சாப்பாடு, வெளையாட்டு, எல்லாம் அங்கேயே. அவளுக்கு அதுதான் கனவு. எனக்கும் அதுதான்.

பாக்கத்தான் போறேன்னு நெனைச்சீங்களா? அதுதான் இல்ல. என்னைய உள்ள விடமாட்டாங்க. பெத்த அப்பன, பிள்ள வெளையாடுற எடத்துக்கு வராதன்னு சொல்லிட்டாங்க சார். அதுக்குத்தான் பாக்கெட்டுல மனு எழுதி வச்சிருக்கேன். மண்டலச் செயலாளர் கையிலயே குடுக்கப் போறேன், கோச்சு மேல. குடுத்தா அந்த ஆளு அடுத்த சீசனுக்கு விசிலத் தொட முடியாது.

முழுசாச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க நியாயத்த.

எங்க கிளப்பு கோச்சு பேரு சகாயராஜ். வெளையாட்ட நல்லாத்தான் சொல்லிக் குடுப்பாரு, அதுல நான் குறை சொல்லல. ஆனா ஆளு ஒரு மாதிரி. ஒரு பிள்ளையக்கூட திட்டுனதில்ல. லேட்டா வந்தாக்கூட வா ஆத்தான்னுதான் சொல்வாரு. அப்படி ஒரு மனுசன் இருப்பானா? எனக்கு மொதல்லயே உறுத்துச்சு. ரெண்டு நாளு சாயங்காலம் பின்னாடியே வண்டியில போனேன். தண்ணி கிண்ணி போடுறாரான்னு பாக்கணும்ல. மொத நாளு பால் பாக்கெட் வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போனாரு. ரெண்டாம் நாளு மகன டியூசன்லேருந்து கூட்டிட்டு, பால் பாக்கெட் வாங்கிட்டு, வீட்டுக்குப் போனாரு. சந்தேகம் ஜாஸ்தியாயிருச்சு. அவ்வளவு ஒழுங்கா இருக்கறவன் எதையோ மறைக்கிறான்னுதானே அர்த்தம்.

சீசன் ஆரம்பத்துல அந்த ஆளு ஒரு வழக்கம் வச்சிருக்காரு. ஒரு ஞாயித்துக்கெழம எல்லாப் பிள்ளைகளையும் அப்பா அம்மாவோட வரச் சொல்லி, ஆளுக்கொரு பேப்பரக் குடுத்து, பக்கத்துல பக்கத்துல ஒக்கார வச்சு படிக்கச் சொல்வாரு. நடத்தை விதின்னு பேரு. பிள்ளைக ரெஃப்ரீகிட்ட எதுத்துப் பேசக்கூடாது, தோத்தாலும் எதிர் டீமுக்குக் கை குடுக்கணும். கோச்சு பிள்ளைக மேல கை நீட்டக்கூடாது, தனியாக் கூப்பிட்டுப் பேசக்கூடாது, பெஞ்சுல இருக்கற பிள்ளையையும் எறக்கி வெளையாட விடணும். அப்பா அம்மா கேலரியில கைதட்டலாம், அவ்வளவுதான். உள்ள பாத்து யோசனை சொல்லக்கூடாது. அடுத்தவங்க பிள்ளையப் பேசக்கூடாது. எதுன்னாலும் ஆட்டம் முடிஞ்சு மறுநாள்தான் கோச்சுகிட்டப் பேசணும். மூணு பேரும் கையெழுத்துப் போடணும்.

அப்புறம் அந்த டீ டோக்கன். அதக் கேளுங்க. கிரவுண்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை. கோச்சு அங்க சொல்லி வச்சு, செவப்பா வட்டமா பிளாஸ்டிக் டோக்கன் வாங்கி வச்சிருக்காரு. கேலரியில ஒருத்தர் எல்லை மீறுனா, டீம் மேனேஜர் விமலா டீச்சர் சிரிச்சுக்கிட்டே வந்து டோக்கன நீட்டும். வாங்குனவங்க மறுபேச்சு பேசாம எந்திரிச்சுப் போயி, டீ குடிச்சிட்டு, அந்த குவார்ட்டர், அதான் ஆட்டத்துல கால் பங்கு, முடிஞ்சப்புறம்தான் உள்ள வரணும். எந்த ஊர் மேட்சுக்குப் போனாலும் மொதல்ல எதுத்தாப்புல டீக்கடை பாத்து டோக்கனச் சொல்லி வச்சுட்டுத்தான் ஆட்டமே. மூணு டோக்கன் ஆயிருச்சுன்னா சீசன் முழுக்க உள்ள வரக்கூடாது. எனக்கு மூணு ஆயிருச்சு.

கையெழுத்துப் போட்ட அன்னைக்கு எனக்கு வத்தலக்குண்டு லைன்ல செக்கிங். பஸ்ஸு பிடிக்கணும். கோச்சு வேற, ரெண்டு பக்கமும் படிச்சிட்டுப் போடுங்க சார்னு நின்னாரு. எத்தன பேப்பர் பாத்தவன் நான், எனக்கே சொல்றாரு பாருங்க. முன்பக்கம் கடகடன்னு பாத்தேன், திருப்பிக் கையெழுத்தப் போட்டேன். எம் பொண்ணு மட்டும் வெரல வச்சு வெரல வச்சு கடைசி வரி வரைக்கும் படிச்சா. படிச்சிட்டு, அப்பா, இது ஒங்களுக்கு ஓகேவான்னு கேட்டா. எல்லாம் ஓகேதான் ஆத்தா, நீயும் போடுன்னேன். அவ மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. பதிமூணு வயசுல அப்பன்கிட்ட உத்தரவு கேட்டுக் கையெழுத்துப் போடுற பிள்ள எங்க சார் இருக்கு.

செம்பட்டி தாண்டியாச்சா? பேச்சுல தெரியல.

மொத டோக்கன் எங்க ஊர் கிரவுண்டுலயே. ரெண்டாவது குவார்ட்டர். டீம்ல அக்சயான்னு ஒரு பொண்ணு, ஸ்டுடியோ பிரபாகர் மக. அந்தப் பிரபாகர்தான் டீமுக்கே ஜெர்ஸி எடுத்துக் குடுத்தது. யாராவது சும்மா எடுத்துக் குடுப்பாங்களா? பந்து எம் பொண்ணு கையில இருக்கு, வளையம் எதுத்தாப்புல இருக்கு, அவ போயி அக்சயாவுக்கு பாஸ் குடுக்குறா. நான் என்ன சொன்னேன், அவளுக்குக் குடுக்காத, அவ அப்பன் ஜெர்ஸிக்கு வெளையாடுறா, நீ போடுன்னு சொன்னேன். கத்தல சார். எனக்குக் கொரலே அப்படி. ஓடுற பஸ்ஸ நிறுத்துன கொரலு. அப்புறம் ரெஃப்ரீய ரெண்டு வார்த்த. ஃப்ரீ த்ரோ ரெண்டையும் எம் பொண்ணு விட்டுட்டா, அதுக்கு, வீட்டுக்கு வா பாத்துக்கிறேன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஊக்கமா இருக்கட்டும்னு சொல்றதுதானே.

அந்த நேரம் பாத்து எம் பொண்ணு குனிஞ்சு ஷூ லேஸ அவுத்துக் கட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு வந்ததே கோவம். ஆட்டம் சூடா இருக்கறப்ப லேஸ கட்டுறியான்னு நான் கேட்டு வாய மூடல, விமலா டீச்சர் டோக்கனோட நிக்குது. கேலரி முழுக்க என்னையப் பாக்குது. பிரபாகர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சிரிக்கிறாரு. யாரு சொல்லி இந்த டோக்கன் வந்துச்சுன்னு தெரியாதா எனக்கு?

இருந்தாலும் பெருந்தன்மையா விட்டேன். வீட்டுல அத எடுக்கவே இல்ல. அதுல மட்டும் என்னைய மெச்சிக்கணும் சார். டோக்கனப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. அதுக்கு என்ன தெரியும், அது மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு. அன்னைக்கு சாயங்காலம் அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா, அடி விழப் போகுதுன்னு காத்திருக்கற மாதிரி. நான் ஒண்ணும் கேக்கலேன்னதும் பக்கத்துல வந்து ஒக்காந்து தட்டுலேருந்து ஒரு தோசைய எடுத்துக்கிட்டா. எம் பொண்டாட்டி ஜெயராணிகூட, என்னங்க, பிள்ள இன்னைக்கு ஒங்ககிட்ட ஒட்டிக்கிச்சேன்னு சொன்னா.

ரெண்டாவது டோக்கன் ஒட்டன்சத்திரத்துல. அங்கயும் அதே கதை. நான் வாயத் தொறந்தேன், அவ லேஸ அவுத்துக் கட்டுனா, டோக்கன் வந்துச்சு. இந்தத் தடவ கவனிச்சேன், எடது கால் லேஸு. மொதத் தடவையும் எடது காலுதான். அவங்க அம்மாவுக்கும் எடது பாதம் கொஞ்சம் சின்னது. ஷூ லொடலொடன்னு இருந்து லேஸு அவிழுது போலன்னு புரிஞ்சுக்கிட்டேன். டீக்கடையில நின்ன நேரத்துல பக்கத்துக் கடையில நல்ல லேஸா ஒரு ஜோடி வாங்குனேன், வெள்ள நெறத்துல. திரும்பி வர்றப்ப வேன்ல அவ கையில குடுத்தேன். கால் லேஸப் பாத்துட்டுத்தான் ஆத்தா இருந்தேன், இந்தா, நல்லதா ஒண்ணு வச்சுக்கன்னு சொன்னேன்.

அழுதிருச்சு சார் பிள்ள. ஒரு ஜோடி லேஸுக்கு. என் தோள்ல மூஞ்சிய வச்சு அழுதுட்டு, தேங்க்ஸ்ப்பா, நீங்க கோச்சுக்குவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்னு சொன்னா. லேஸு அவிழுறதுக்கு யாராவது கோச்சுக்குவாங்களாத்தான்னு தலையத் தடவிக் குடுத்தேன். சின்ன பொருளுக்கு இப்படி உருகுற பிள்ளைய வச்சுக்கிட்டு, அந்தக் கோச்சு ஆட்டிப் படைக்கிறானேன்னு எனக்குத்தான் வயிறெரிஞ்சுச்சு.

மூணாவது, நிலக்கோட்டையில, செமி ஃபைனல். அன்னைக்கு அவ வெளையாடுன வெளையாட்டு இருக்கே, பறந்தா சார். கடைசிக்கு முந்துன குவார்ட்டர்ல நோட்டுல பாத்தேன். நான் நோட்டு வச்சிருக்கேன், யாரு எத்தன நிமிசம் வெளையாடுறான்னு. அக்சயாவ விட எம் பொண்ணு நாலு நிமிசம் கொறச்சல். எந்திரிச்சுக் கேட்டுட்டேன். கோச்சையும் கேட்டேன், பிரபாகரையும் கேட்டேன். கேட்டுட்டு உள்ள திரும்பினா, எம் பொண்ணு நடு கோர்ட்டுல நின்னு என்னையவே பாக்குறா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் குனிஞ்சு, நான் வாங்கிக் குடுத்த அந்த வெள்ள லேஸ, எடது கால்ல, மெதுவா அவுத்துக் கட்டுனா. டோக்கன் வந்துச்சு. அன்னையிலேருந்து வீட்டுல எங்கிட்ட ஆமா, இல்ல, ரெண்டே வார்த்ததான். கோச்சு ஏத்தி விட்டுட்டாரு, வேற என்ன.

இன்னைக்குக் காலையில கெளம்புறப்பக்கூட, அப்பா நீங்க வர வேணாம்ப்பா, ஒங்களுக்கு நின்னா கால் வலிக்கும்னு சொன்னா. என்ன இருந்தாலும் பாசம் விட்டுப் போகுமா.

இந்தா, இதப் பாருங்க, அவளுக்குத் தெரியாம வாங்குனது. புது லேஸு. கடைக்காரன்கிட்ட சொல்லி, அவிழாத லேஸா கேட்டு வாங்குனேன். மெழுகு போட்டது. ஒரு தடவ முடிச்சுப் போட்டா கத்தி வச்சுத்தான் அறுக்கணும். வாசல்ல வச்சுக் கையில குடுத்துட்டு, மனுவச் செயலாளர்கிட்ட குடுத்துருவேன். பாவம், முக்கியமான ஆட்டத்துல லேஸக் கட்டிக்கிட்டு நிக்கக்கூடாதுல்ல.

மனுவோட அந்த நடத்தை விதிப் பேப்பரையும் வச்சிருக்கேன், சாட்சிக்கு. பிரிச்சுப் பாருங்க. இது கோச்சு கையெழுத்து. யாரு புகார் சொன்னா டோக்கன் குடுப்பாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கா பாருங்க. போட்டிருக்க மாட்டான், அதுதான் சூழ்ச்சி. என்ன, பின்னாடியா? பின்பக்கம் கையெழுத்து மட்டும்தான் சார். எழுதியிருக்கா? கண்ணாடி எடுத்துட்டு வரல, சின்ன எழுத்தா வேற இருக்கு. நீங்களே வாசிங்க. கொஞ்சம் சத்தமா, வண்டிச் சத்தத்துல கேக்கணும்.

"பெற்றோரின் பேச்சால் ஆட முடியவில்லை என்று தோன்றினால், வீராங்கனை தன் இடது கால் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டலாம். அதைப் பார்த்ததும் அவருடைய பெற்றோருக்கு டீ டோக்கன் தரப்படும். வேறு யார் கேட்டாலும் தரப்படாது."

திருப்பி வாசிங்க.

இல்ல, வேணாம். அதுக்குக் கீழ என்ன?

"டோக்கன் வந்ததற்காக என் மகளை வீட்டில் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." அதுக்குக் கீழ என் கையெழுத்தா.

இது பின்னாடி அச்சடிச்சிருப்பான் சார். நான் போட்டப்ப இது இருந்திருக்காது. எத்தன பேரப் பாத்திருக்கேன், பழைய டிக்கெட்டுல தேதிய அழிச்சு எழுதிக்கிட்டு வர்றவன... குடுங்க. வெளிச்சத்துல பாக்குறேன்.

எழுத்து மேலதான் கையெழுத்து ஏறியிருக்கு. என் கையெழுத்துதான். பக்கத்துல குண்டு குண்டா அவ கையெழுத்து.

டிக்கெட் எடுக்காதவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் சொல்ற மொத வார்த்த என்ன தெரியுமா சார்? எழுதிப் போட்டிருக்குல்ல, படிக்கத் தெரியாதான்னு கேப்பேன். பஸ்ஸுல அத்தன பேரு முன்னாடி வச்சுக் கேப்பேன்.

ஏன் சார், அப்ப அவ அன்னைக்கு எங்கிட்ட ஓகேவான்னு கேட்டது இதத்தானா? நான் படிச்சிட்டேன்னு நெனைச்சுக்கிட்டா. அப்பனுக்குத் தெரியும், தெரிஞ்சும் சம்மதிச்சிட்டாருன்னு. வீட்டுல நான் கேக்காம இருந்தப்பல்லாம், வாக்கக் காப்பாத்துறாருன்னு நெனைச்சு தோசைய எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒக்காந்திருக்கா. நான் அவகிட்ட லேஸு வாங்கிக் குடுத்தேனே சார். கால் லேஸப் பாத்துட்டுத்தான் இருந்தேன், நல்லதா வச்சுக்கன்னு சொல்லிக் குடுத்தேனே. அதான் அழுதிருக்கா. அவுத்துக்கத்தா, அப்பன் கோச்சுக்க மாட்டேன்னு நான் சொன்னதா எடுத்துக்கிட்டா.

அதுக்கப்புறமும் நான் நிலக்கோட்டையில எந்திரிச்சு நின்னேன்ல. அதான் அப்படிப் பாத்தா. அத்தன தெரிஞ்சும் நிறுத்த மாட்டேங்கிறாரேன்னு.

முகத்தப் பாத்தே சொல்லிருவேன்னு சொன்னேன் ஒங்ககிட்ட. எம் பிள்ள மூஞ்சிய பதிமூணு வருசமாப் பாக்குறேன். வீட்டுக்கு வா பாத்துக்கிறேன்னு நான் சொல்றப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இப்ப நெனைச்சுப் பாத்தா ஞாபகமே வரல சார். நான் ஸ்கோர் போர்டத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

தேவதானப்பட்டி வந்தாச்சு. நீலச் சட்ட எறங்குறாரு பாருங்க. கண்டக்டரு அவருகிட்ட என்னமோ குடுக்குறாரு. மிச்சச் சில்லறையா. அப்ப ஏறுனதுமே எடுத்துட்டாருபோல டிக்கெட்ட. பாவம், ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்ததுக்கு நான் என்னென்னமோ பேசிட்டேன்.

கோச்சுகிட்ட எனக்கு இன்னும் கேக்க வேண்டியது ரெண்டு இருக்கு, இல்லேங்கல. இத ரெண்டாம் பக்கத்துல சின்ன எழுத்துல எதுக்குப் போடணும், மொதப் பக்கத்துல போட்டா என்ன. ஆனா அத இன்னைக்குக் கேக்க மாட்டேன். மறுநாள்தான் கேக்கணும்னு போட்டிருக்கு. மனு கெடக்கட்டும், உள் பாக்கெட்டுல வச்சுக்கிறேன். டீக்கடையில அடுப்பு இருக்கும்.

இல்ல சார், திரும்பிப் போக மனசில்ல. அங்க எறங்கி, கிரவுண்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை எங்கன்னு கேட்டு நானே போயி ஒக்காந்துக்கிறேன். டோக்கன் யாரும் கொண்டாந்து குடுக்க வேணாம். அங்கேருந்தே கைதட்டுச் சத்தம் கேக்கும், அவ போட்டாளா இல்லையான்னு தெரிஞ்சிரும். ஆட்டம் முடிஞ்சு வெளிய வந்தா என்னையப் பாப்பா. பாத்துட்டு வருவாளோ, வராமப் போவாளோ. வரலேன்னாலும் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

எந்திரிக்கிறேன் சார், ஸ்டாப்பு வந்துருச்சு. இந்த லேஸ நீங்க வச்சுக்கங்க, காதுகுத்து வீட்டுல எந்தப் பிள்ளைக்காவது ஆகும். இது அவிழாத லேஸு. எம் பொண்ணுக்கு இது வேணாம்.